12 லட்சத்துக்குள் நிஜமாக 300 கி.மீ. ஓடும் மின்சாரக் கார்: கம்பெனிகளிடம் எதைக் கேட்பது?

கூடலூர் பன்னீர் | நவம்பர் 9, 2025, இரவு 9:40

மின்சாரக் கார் நம்ம மலைப்பக்கத்துக்கு ஆகாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. 24 யூனிட் பேட்டரி வண்டின்னா குமுளி ஏறுறதுக்குள்ள பாதி காலியாம். சரி, 45 யூனிட் வண்டி பாக்கலாம்னா 14 லட்சத்துல ஆரம்பிக்குது. 12 லட்சத்துக்குள்ள நெசமாவே 300 கி.மீ. ஓடுற காரை ஏன் எந்தக் கம்பெனியும் பண்ண மாட்டேங்குது? நாம சேந்து கேட்டா செய்வாங்களா? கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லோயர்கேம்ப் | நவம்பர் 9, இரவு 11:15

குமுளி ஏற்றத்தில் பாதி காலியாகாது தம்பி. முதலில் அந்தப் பயத்தைக் கணக்கால் தீர்த்துவிடுவோம். அது தீராமல் கம்பெனியிடம் எதைக் கேட்பது என்றே தெரியாது.

கம்பத்துக்கும் குமுளிக்கும் உயர வித்தியாசம் சுமார் 500 மீட்டர். நாலு பேரும் மூட்டையும் சேர்த்து சின்ன கார் 1,450 கிலோ. அவ்வளவு எடையை 500 மீட்டர் தூக்க 2 யூனிட் போதும். மோட்டார், கியர் இழப்பைச் சேர்த்தால் 2.3. சுமார் 23 கி.மீ. தூரம் ஓடுவதற்கு இன்னொரு ஒன்றரை யூனிட். மொத்தம் 4 யூனிட்டுக்குள். 24-இல் ஆறில் ஒரு பங்கு. லோயர்கேம்ப் பவர் ஹவுஸில் பெரியாற்றுத் தண்ணீர் விழுந்து கரண்ட் எடுக்கிறார்களே, அதே கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் இது.

போடிமெட்டு இன்னும் கடினம். போடி ஏறக்குறைய 350 மீட்டர், மெட்டு 1,400. வண்டி 1,800 கிலோ என்று பெரிதாகவே வைத்துக்கொள்வோம். தூக்க 5.9 யூனிட், ஓட 2 யூனிட். சுமார் 8 யூனிட். திரும்பி இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி 3 யூனிட் வரை பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆக ஏறி இறங்க 5 யூனிட், 52 கி.மீ. தூரத்துக்கு. இது நாலுவழிச் சாலையில் 80-இல் ஓட்டுவதைவிடக் குறைவு.

பேட்டரியைத் தின்பது வேகம். மலை இல்லை.

லோயர்கேம்ப் | நவம்பர் 10, காலை 6:30

வேகக் கணக்கை நேற்றே போட்டிருக்க வேண்டும்.

டாடா நெக்ஸான் அளவு வண்டி, ஏ.சி. போட்டு, சமதரை. 60-இல் 100 கி.மீ.க்கு 11.5 யூனிட். 80-இல் 14. 100-இல் 17.5. காற்றைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 60-இலிருந்து 100-க்குப் போனால் அந்தப் பகுதி மட்டும் 2.8 மடங்கு. 45 யூனிட்டும் முழுசாகக் கிடைக்கிறது என்று வைத்தால் 390, 320, 257 கி.மீ. அதே வண்டி, அதே பேட்டரி.

விளம்பரத்தில் வரும் எண் எம்.ஐ.டி.சி. என்ற சோதனை முறையில் எடுத்தது. அதில் சராசரி வேகம் குறைவு, உச்சமே 90. நெக்ஸான் 45-க்கு அந்த எண் 489. அதே கம்பெனி, ரோட்டில் பெரும்பாலானோருக்கு 350 முதல் 370 வரை கிடைக்கும் என்று தானாகவே இன்னொரு எண்ணையும் அச்சிட்டது. இது நல்ல வழக்கம். எல்லாக் கம்பெனியும் செய்யவேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. "80 கி.மீ. வேகம், ஏ.சி. ஓட, நாலு பேர்: இத்தனை கி.மீ." என்று ஒரே வரி போதும்.

பெரியாறு தேயிலை | நவம்பர் 10, மதியம் 1:05

வண்டிப்பெரியாறிலேர்ந்து எழுதுறேன். அண்ணே, 300 கி.மீ.ன்னு எங்கேர்ந்து வந்துச்சு? எல்லாரும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்றாங்க. எனக்கு 200 போதும். கம்பத்துக்காரருக்கு எவ்ளோ வேணும்?

லோயர்கேம்ப் | நவம்பர் 10, இரவு 10:20

சரியான கேள்வி. ஊருக்கு ஏற்ற எண்ணைச் சொன்னால்தான் கம்பெனிக்காரன் காது கொடுப்பான்.

கம்பத்தில் பெரிய வைத்தியம் என்றால் மதுரை, இல்லாவிட்டால் கோட்டயம். மதுரை சமதரை, வழியில் சார்ஜரும் உண்டு. கடினமான பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கம்பத்திலிருந்து குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் சுமார் 130 கி.மீ. போய் வர 260.

குட்டிக்கானம் ஏறக்குறைய 1,080 மீட்டர். கம்பத்திலிருந்து அதுவரை 700 மீட்டர் ஏறி, பிறகு கடல் மட்டம்வரை இறக்கம். திரும்பும்போது 1,000 மீட்டருக்கு மேல் மறுபடி ஏறவேண்டும். அதுவும் பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும் நேரத்தில். நடுவில் வரும் சின்ன மேடு பள்ளமும் சேர்த்து மொத்த ஏற்றம் 1,900 மீட்டர் என்று வையுங்கள். 1,800 கிலோ வண்டி 1,000 மீட்டர் ஏறி இறங்கினால் நிகர இழப்பு 1.7 யூனிட். 1,900 மீட்டருக்கு 3.2. மலைரோட்டில் சராசரி வேகம் 40, 45தான். ஓடும் செலவு 100 கி.மீ.க்கு 10 யூனிட்டைச் சுற்றி வரும், 260-க்கு 26 முதல் 27. மொத்தம் 30 யூனிட்.

இதற்கு மேல் கையில் 15% மிச்சம் வேண்டும். அப்போது 35. எட்டு, பத்து வருஷத்தில் பேட்டரி 80 சதவீதத்துக்கு வந்தாலும் இதே பயணம் முடியவேண்டும். 35-ஐ 0.8-ஆல் வகுத்தால் 44.

ஆக 45 யூனிட். வாய்க்கு வந்த எண் இல்லை, கோட்டயம் போய் வருகிற எண்.

போடி ஏலக்காய் | நவம்பர் 11, காலை 8:50

கணக்கு சரி. ஆனா 30 யூனிட் வண்டியில போயி கோட்டயத்துல 20 நிமிஷம் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டாப் போதாதா? எப்பவோ ஒரு நாள் போற பயணத்துக்காக 15 யூனிட் பேட்டரியை வருஷம் பூரா தூக்கிக்கிட்டுத் திரியணுமா? அந்தக் காசுக்கு இங்க பத்து சென்ட்டுக்கு வேலி போட்டுரலாம்.

லோயர்கேம்ப் | நவம்பர் 11, இரவு 9:30

யோசிக்கவேண்டிய எதிர்வாதம். காசுக் கணக்கில் இருந்தே தொடங்குவோம்.

2024-இல் பேட்டரி பேக்கின் உலகச் சராசரி விலை யூனிட்டுக்கு 115 டாலர் என்று ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். கணக்கெடுத்தது. தோராயமாக 10,000 ரூபாய். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி அதைவிடவும் மலிவு. 15 யூனிட் கூடுதல் என்றால் ஒன்றரை லட்சம். எடையில் 100 கிலோவுக்கு மேல் கூடும். 100 கிலோவால் சமதரையில் செலவு பெரிதாக ஏறாது, 100 கி.மீ.க்கு 0.3 யூனிட். எடை பிரச்சினை இல்லை, ஒன்றரை லட்சம்தான் பிரச்சினை.

இப்போது 20 நிமிஷம். சார்ஜர் மேல் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும். இரண்டு கன் (வண்டியில் சொருகும் பிடி) உள்ள மிஷினில் பக்கத்து வண்டி வந்து சொருகினால் பல இடங்களில் 30 ஆகப் பிரிந்துவிடும். 100 ஆம்பியர் வரம்புள்ள மிஷின் என்றால் 320 வோல்ட் பேட்டரிக்கு 32 கிலோவாட்டுக்கு மேல் வரவே வராது, போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 30 யூனிட் பேட்டரி 80% தாண்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் 20 என்பதை 35, 40 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் வேலை செய்தால்.

கார்த்திகை பிறக்கப் போகிறது. சபரிமலை சீசனில் குமுளி ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டால் ஏற்றமும் தூரமும் கூடும், குமுளியில் கன்னுக்கு வரிசை நிற்கும். 30 யூனிட் வண்டிக்கு அந்த இரண்டு மாதம் மூச்சு முட்டும்.

லோயர்கேம்ப் | நவம்பர் 12, காலை 6:10

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போடிக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. வீட்டில் சார்ஜ் போட்டு, தினம் 50 கி.மீ. ஓட்டி, வெளியூருக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு 45 வீண். அவருக்கு 30 போதும். நாம் கேட்கவேண்டியது "எல்லா வண்டியிலும் 45" இல்லை. அடி வேரியண்ட்டிலும், அதாவது விலை குறைந்த ஆரம்ப மாடலிலும், 45 கொடு என்பதுதான்.

ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல கம்பெனிகளில் பெரிய பேட்டரி வேண்டுமென்றால் கூடவே சன்ரூஃப், காற்று வரும் சீட், பெரிய திரை, 17 அல்லது 18 இஞ்ச் அலாய் எல்லாவற்றையும் வாங்கியாகவேண்டும். பேட்டரிக்கு ஒன்றரை லட்சம், அலங்காரத்துக்கு இன்னொரு ஒன்றரை லட்சம். தூரம் தேவைப்படுகிறவன் டாக்ஸிக்காரன், வியாபாரி, வைத்தியத்துக்குப் போகிறவன். அவனுக்கு சன்ரூஃப் எதற்கு?

செய்ய முடியாத விஷயமும் இல்லை. நெக்ஸானில் 2024 செப்டம்பரில் 45 வந்தபோது ஆரம்ப விலை 13.99 லட்சம், 30 யூனிட் அடி வேரியண்ட் 12.49. வித்தியாசம் ஒன்றரை லட்சம். பேட்டரிக்கு ஆகும் காசேதான். அந்த நேர்மையை இன்னும் சின்ன, தாழ்வான, காற்றை நன்றாக வெட்டும் உடம்புக்குக் கொண்டுவந்தால் 12 லட்சம் எட்டக்கூடியதே.

கூடலூர் பன்னீர் | நவம்பர் 12, இரவு 8:00

அப்ப டாடாவோட சின்ன கார் டியாகோலயே 45-ஐ வச்சுக் குடுக்கலாமே? 7.99ல ஆரம்பிக்குதே அது.

லோயர்கேம்ப் | நவம்பர் 12, இரவு 9:45

இடம் இல்லை தம்பி. பெட்ரோல் காராகப் பிறந்த உடம்பு அது. பேட்டரியைப் பின்சீட்டுக்கு அடியிலும் டிக்கித் தரைக்கு அடியிலும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், ஸ்டெப்னி வைக்கிற குழி போனது அப்படித்தான். 24-க்கு மேல் அங்கே திணித்தால் டிக்கியும் போகும், பின்பக்க எடையும் ஏறும். 45 வேண்டுமென்றால் தரையே பேட்டரியாக இருக்கும் அடித்தளம் வேண்டும். டாடா 2024 ஜனவரியில் பஞ்சோடு அப்படி ஒன்றை இறக்கியது, அதில் 35 வரை வந்தது. அந்த மாதிரி அடித்தளத்தில் உயரத்தைக் குறைத்து நீளத்தைக் கொஞ்சம் கூட்டிய ஹேட்ச்பேக்தான் நாம் கேட்கிற வண்டி.

உயரம் ஏன் முக்கியம் என்றால், எஸ்.யூ.வி. மோகத்தில் முன்பரப்பு பெரிதாகிறது. முன்பரப்பு 10% குறைந்தால் 80 வேகத்தில் 100 கி.மீ.க்கு 0.7 யூனிட் மிச்சம். அதாவது 45 யூனிட் வண்டியில் 17 கி.மீ., ஒரு பைசா பேட்டரி செலவு இல்லாமல்.

டயரும் அப்படியே. உருளும் தடை குறைந்த ஒல்லி டயருக்கும் அகலமான 18 இஞ்ச் டயருக்கும் 100 கி.மீ.க்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வரலாம். 80 வேகத்தில் 45 யூனிட் வண்டிக்கு அது 35 கி.மீ. ஐந்து யூனிட் பேட்டரிக்கு நிகர் என்றால், 50,000 ரூபாய். அந்த டயர் தேயும்போது மாற்றுகிறவர் கடைக்காரர் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு, "வண்டி மைலேஜ் குறைஞ்சிருச்சு" என்று சர்வீஸ் சென்டரில் நிற்பார். டயர் பக்கவாட்டில் உள்ள அளவை மட்டும் பார்க்காமல், வண்டியோடு வந்த அதே மாடல் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

பெரியாறு தேயிலை | நவம்பர் 14, மாலை 6:40

எங்க பக்கத்து நெலமையையும் எழுதிக்கறேன். கேரளாவில 2025 ஏப்ரல்லேர்ந்து மின்சாரக் காருக்கு ரோடு டாக்ஸ் கூடிப்போச்சு. 15 லட்சம் வரைக்கும் 5%, 15லேர்ந்து 20 வரைக்கும் 8%, அதுக்கு மேல 10%. விலைக்கேத்த மாதிரி ஏறுறது நல்லதுதான். ஆனா பேட்டரியை வாடகைக்கு எடுக்கற வண்டின்னா 10%. கையில காசு கம்மியா இருக்கறவன்தான் வாடகைக்கு எடுப்பான், அவனுக்குத்தான் கூடுதல் வரி. இதையும் நீங்க கம்பெனிக்கு எழுதப்போற லெட்டர்ல சேருங்க.

லோயர்கேம்ப் | நவம்பர் 14, இரவு 10:30

சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் அது கம்பெனிக்கு இல்லை, அரசுக்குப் போகவேண்டிய கடிதம். இரண்டையும் கலக்கக் கூடாது.

வாடகைப் பேட்டரி பற்றிக் கேட்பவர்களுக்கு: எம்.ஜி. வின்ட்ஸர் 2024 செப்டம்பரில் வந்தபோது வண்டி 9.99 லட்சம், பேட்டரிக்குக் கி.மீ.க்கு 3.50 என்று அறிவித்தார்கள். மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் 5,250 ரூபாய், சார்ஜ் செலவு தனி. ஐந்து வருஷத்தில் 3.15 லட்சம். பேட்டரி அப்போதும் உங்களுடையது ஆகாது. குறைவாக ஓட்டுகிறவருக்குப் பொருந்தலாம். நீண்டதூரம் ஓட்டுகிறவருக்கு, அதாவது நம் பேச்சில் இருக்கிற ஆளுக்கு, கிலோமீட்டர் கணக்கு வாடகை ஆகாது.

அரசு விஷயத்துக்கு வந்தாயிற்று, அதையும் முடித்துவிடுகிறேன். மத்திய அரசின் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். உற்பத்தியோடு இணைத்து ஊக்கத்தொகை தரும் வாகன பி.எல்.ஐ. திட்டம் 25,938 கோடி. கார் கம்பெனிக்கு ஊக்கத்தொகை விற்பனை மதிப்பில் 13 முதல் 18 சதவீதம். சதவீதம் என்றால் 25 லட்சம் ரூபாய் காருக்கு அதிகம், 10 லட்சம் ரூபாய் காருக்குக் குறைவு. 2024 மார்ச்சில் வந்த இறக்குமதிச் சலுகையோ 35,000 டாலருக்கு மேற்பட்ட கார்களுக்கு மட்டும். மின்வாகன மானியத் திட்டமான ஃபேம்-2-இல் காருக்கு யூனிட்டுக்கு 10,000 ரூபாய் மானியம் இருந்தது, 15 லட்சம் விலை வரம்போடு, ஆனால் வாடகை வண்டிக்கு மட்டும். அது 2024 மார்ச்சில் முடிந்தது. அடுத்து வந்த பி.எம். இ-டிரைவில் காருக்கு மானியமே இல்லை.

போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. செஸ்ஸோடு 29-இலிருந்து 18 ஆனது. மின்சாரக் காருக்கு அதே 5. முன்பு 24 புள்ளி இடைவெளி இருந்தது, இப்போது 13. ஏழை நடுத்தரக் குடும்பம் வாங்குகிற அளவு காரில்தான் மின்சாரக் கார் தோற்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

போடி ஏலக்காய் | நவம்பர் 15, காலை 9:15

யூனிட்டுக்கு 10,000 மானியம் திரும்பக் கேட்டா 45 யூனிட்டுக்கு நாலரை லட்சம் ஆகும். லட்சம் காருக்கு 4,500 கோடி. குடுக்க மாட்டாங்க.

லோயர்கேம்ப் | நவம்பர் 15, இரவு 9:00

ஆமாம், அவ்வளவு கேட்பது தப்பு. யூனிட்டுக்கு 2,000, 45 வரை மட்டும், 12 லட்சத்துக்குக் கீழே எக்ஸ்-ஷோரூம் விலை, 100 கி.மீ.க்கு 14 யூனிட்டுக்கு மேல் தின்னாத வண்டி. ஒரு காருக்கு 90,000, லட்சம் காருக்கு 900 கோடி. பி.எல்.ஐ. தொகையோடு ஒப்பிட்டால் சிறியது. சிக்கன எண்ணை நிபந்தனையாக வைப்பதுதான் இதில் முக்கியம். இல்லாவிட்டால் பேட்டரியைப் பெரிதாக்கி மானியம் வாங்கிக்கொண்டு, உடம்பை மாட்டுவண்டிக் கூண்டு மாதிரியே விட்டுவிடுவார்கள்.

கூடலூர் பன்னீர் | நவம்பர் 18, இரவு 10:00

அரசாங்கம் இருக்கட்டும் அண்ணே. கம்பெனியை நம்மளால அசைக்க முடியுமா? லெட்டர் போட்டா படிப்பானா?

லோயர்கேம்ப் | நவம்பர் 19, இரவு 10:50

தனியாள் கடிதத்தைப் படிக்கமாட்டான். ஆர்டர் மாதிரி தெரிகிற கடிதத்தைப் படிப்பான். அதற்கு உதாரணங்கள் உண்டு, நல்லதும் கெட்டதும்.

2006-இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரமும் அதன் மின்வாரியமும் சேர்ந்து, பிளக்-இன் கார் (பிளக்கில் சொருகிச் சார்ஜ் ஏற்றும் வண்டி) தயாரித்தால் வாங்குவோம் என்று மற்ற நகராட்சிகளிடமும் நிறுவனங்களிடமும் முன்விருப்ப ஆர்டர் சேகரித்தார்கள். அப்போது கடையில் அப்படி வண்டியே கிடையாது. "வாங்க ஆளில்லை" என்று கம்பெனிகள் சொன்ன பதிலுக்கு அது நேரடி மறுப்பு. பத்து வருஷம் கழித்து 2016 மார்ச் 31-இல் டெஸ்லா மாடல் 3-க்கு ஆளுக்கு 1,000 டாலர் கட்டச் சொன்னபோது ஒரே வாரத்தில் மூணு லட்சத்துக்கு மேல் பதிவானது. காசு கட்டிய வரிசைக்கு எந்தக் கம்பெனியும் மதிப்புக் கொடுக்கும்.

இப்போது கெட்ட உதாரணம், நம் நாட்டில். 2017-இல் இ.இ.எஸ்.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் 10,000 மின்சாரக் காருக்கு டெண்டர் விட்டது. டாடாவும் மஹிந்திராவும் கொடுக்க முன்வந்தன. வந்த டிகோரில் பேட்டரி 16 யூனிட் சொச்சம். ஒரு சார்ஜில் 80 கி.மீ. தாண்டவில்லை என்று புகார் கிளம்பி, சொன்ன எண்ணிக்கை ரோட்டுக்கு வரவே இல்லை. மொத்தமாக வாங்கினார்கள், விலையைப் பேசினார்கள், ஆனால் ஏ.சி. போட்டு நாலு பேர் ஏறினால் எத்தனை கி.மீ. என்று டெண்டரிலேயே கட்டிப்போடவில்லை.

அதே இ.இ.எஸ்.எல்.லின் துணை நிறுவனம் 2022-இல் ஐந்து நகரங்களின் தேவையைச் சேர்த்து 5,450 பஸ்ஸுக்கு ஒரே டெண்டர் விட்டபோது கி.மீ. செலவு டீசலுக்குக் கீழே இறங்கியது. அங்கே கேட்டது வண்டியை இல்லை, ஓடும் கிலோமீட்டரை. வித்தியாசம் அதில்தான்.

நம் பக்கம் யாரைச் சேர்க்கலாம்? குமுளி, தேக்கடி டாக்ஸிக்காரர்கள். ஏலக்காய் வியாபாரிகள், புத்தடி ஏலத்துக்கும் போடி ஏலத்துக்கும் மாறி மாறி அலைகிறவர்கள். தேனி, கம்பம் டிராவல்ஸ். இவர்களுக்கு நாள் ஓட்டம் அதிகம், பெட்ரோல் கணக்கு விரல் நுனியில். பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் வேண்டாம் என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது எல்லை தாண்டி ஓட்டுகிறவருக்குப் பெரிய லாபம். செக்போஸ்ட்டில் காட்ட அதன் நகல் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போடி ஏலக்காய் | நவம்பர் 20, காலை 7:00

தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பையும் சேக்கலாமா?

லோயர்கேம்ப் | நவம்பர் 20, காலை 7:25

வேண்டாம் அண்ணே. அது வேறு வண்டி, நாலு வீல் டிரைவ், வேறு விலை. கலந்தால் கோரிக்கை நீர்த்துப்போகும்.

லோயர்கேம்ப் | நவம்பர் 23, மதியம் 3:10

கடிதத்துக்கு முன் ஒரு சேர்க்கை. எதை வெட்டச் சொல்கிறோம் என்பதையும் எழுதவேண்டும். விலையைக் குறை என்று மட்டும் சொன்னால் பேட்டரிக் கூலிங்கை வெட்டுவான்.

மோட்டார் 60 கிலோவாட் போதும். 1,800 கிலோ வண்டி 8% ஏற்றத்தில் 50 வேகத்தில் போக சுமார் 24 கிலோவாட்தான் ஆகிறது. மோட்டாரைச் சின்னதாக்குவதால் பெரிய காசு மிச்சமாகாது, மற்ற மாடலோடு பொதுவாக வந்தால் அதுவே மலிவு. அதனால் "100 கிலோவாட்டுக்கு மேல் வேண்டாம்" என்று எழுதினால் போதும்.

வீட்டுக் கரண்ட்டை ஏற்ற வண்டிக்குள் இருக்கும் ஏ.சி. சார்ஜர் (இந்த ஏ.சி. மாறுதிசை மின்சாரம்) 3.3 கிலோவாட் போதும் என்று நினைக்கிறேன். இரவு 9 முதல் காலை 6 வரை 27 யூனிட் ஏறும். டாக்ஸிக்கு 7.2 கூடுதல் காசுக்கு விருப்பத் தேர்வாக இருக்கட்டும்.

திரவக் கூலிங் கட்டாயம். ஏற்றம் முடிந்த சூட்டோடு வேகச் சார்ஜில் சொருகினால், காற்றால் மட்டும் ஆறும் பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைப் பாதியாக்கும்.

செல் எல்.எஃப்.பி. விலை குறைவு, ஆயுள் அதிகம், தீப்பிடிக்கும் அபாயம் குறைவு. ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதன் வோல்டேஜ் கோடு நடுவில் தட்டையாக இருப்பதால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று வண்டியின் மூளைக்கே குழப்பம் வரும். 60-க்கும் 80-க்கும் நடுவிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு ஒரு நாள் நீண்டதூரம் போனால் 18% காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 6 ஆகும். வாரம் ஒருமுறை மெதுவான ஏ.சி. சார்ஜில் 100 வரை விட்டு, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் சொருகியே வைத்தால் செல்கள் சமனாகி எண் சரியாகும். மலை உச்சியில் மட்டும் 100 போடாதீர்கள். போடிமெட்டில் முழுசாக ஏற்றி இறங்கினால் திரும்பி வரும் கரண்டுக்கு இடமில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி பிடிக்காமல் வழுக்கும், அடிவாரத்து முந்தல் வரை பிரேக் கட்டைதான் தேயும். 85-இல் நிறுத்துங்கள்.

பெரியாறு தேயிலை | நவம்பர் 23, இரவு 8:20

வீட்டு வயரிங் பத்தியும் ரெண்டு வரி எழுதிருங்க அண்ணே. சாதாரண 15 ஆம்பியர் பிளக்குல போட்டு உருகினதைப் பலரும் சொல்றாங்க.

லோயர்கேம்ப் | நவம்பர் 24, காலை 6:40

கீசர் பத்து நிமிஷம் இழுக்கிற கரண்ட்டை இது எட்டு மணி நேரம் இழுக்கிறது. வீட்டு சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால் அங்கே சூடு பிறக்கும். முதலில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், பிறகு வாசனை வரும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 3.3-க்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஏ வகை, நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். 7.2 என்றால் 6 சதுர மி.மீ., 40 ஆம்பியர். வாரியத்தில் சுமையைக் கூட்டி எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

பழைய வீட்டில் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றால் பத்தில் எட்டு முறை எர்த்தான். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். 5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் எர்த் குழி காய்ந்திருக்கிறது. கோடையில் வாளித் தண்ணீர் தற்காலிகம், புதுக் குழிதான் தீர்வு. எர்த் பின்னையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி ஏமாற்றும் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கார் உடம்பிலேயே கரண்ட் நிற்கும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒன்று: இரண்டு மாதப் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் கட்டணம் ஏறுவதில்லை, கீழ் அடுக்குகளும் வேறு அட்டவணைக்கு மாறும். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்தில் 250 யூனிட் கூடும். கூரையில் சோலார் வைத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

கூடலூர் பன்னீர் | நவம்பர் 29, இரவு 9:10

டாக்ஸி ஸ்டாண்டுல பேசினேன். கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க. லெட்டர்ல என்னென்ன இருக்கணும்னு ஒரே இடத்துல குடுங்க அண்ணே.

லோயர்கேம்ப் | நவம்பர் 30, காலை 7:30

இப்படியே எழுதுங்கள்:

"45 யூனிட் எல்.எஃப்.பி. பேட்டரி, திரவக் கூலிங்கோடு, அடி வேரியண்ட்டில் வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் ஏ.சி. போட்டு 100 கி.மீ.க்கு 14 யூனிட்டுக்கு மேல் ஆகக் கூடாது. அந்த எண்ணை விளம்பரத்திலும் பில்லிலும் அச்சிட வேண்டும். சி.சி.எஸ். 2 வேகச் சார்ஜரில் 10 முதல் 80 சதவீதம் 40 நிமிஷத்துக்குள். எட்டு வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம், அதில் பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவீர்கள் என்று எண்ணாக எழுதித் தரவேண்டும். இரண்டாவது உரிமையாளருக்கும் அதே உத்தரவாதம். சன்ரூஃப் வேண்டாம், 10 இஞ்சுக்கு மேல் திரை வேண்டாம், 16 இஞ்சுக்கு மேல் சக்கரம் வேண்டாம். விலை 12 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் வண்டியை அறிவித்த ஆறு மாதத்துக்குள் கீழே கையெழுத்திட்டவர்கள் முன்பணம் கட்டுவோம்."

கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரும் இப்போது ஓட்டும் வண்டி, மாத ஓட்டம், எத்தனை வண்டி வாங்குவார் என்று மூன்று கட்டம் போடுங்கள். வெறும் பெயர்ப் பட்டியலை விற்பனைப் பிரிவு குப்பையில் போடும். மாத ஓட்டம் எழுதிய பட்டியலைத் தயாரிப்புத் திட்டப் பிரிவுக்கு அனுப்பும். ஒரு கம்பெனிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய், திருவள்ளூரில் சிட்ரோன், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட், வெளியில் டாடா, மஹிந்திரா, எம்.ஜி., மாருதி என்று எல்லோருக்கும் ஒரே நாளில், யார் யாருக்குப் போகிறது என்ற பட்டியலோடு.

பெரியாறு தேயிலை | நவம்பர் 30, காலை 10:05

விலை 12 லட்சம்னா எக்ஸ்-ஷோரூமா, ஆன்-ரோடா? எங்க பக்கம் 5% டாக்ஸ் சேந்தாலே 60,000 கூடிரும்.

லோயர்கேம்ப் | நவம்பர் 30, காலை 10:20

எக்ஸ்-ஷோரூம் என்று தெளிவாக எழுதுங்கள். டாக்ஸ் இரண்டு மாநிலத்திலும் வேறு, அது கம்பெனி கையில் இல்லாதது. ஆன்-ரோடு என்று போட்டால் அதைக் காரணம் காட்டியே பதில் எழுதி முடித்துவிடுவார்கள். உங்கள் பக்கக் கையெழுத்துகளைத் தனித் தாளில் வாங்குங்கள். வாடகைப் பேட்டரி வரி பற்றித் திருவனந்தபுரத்துக்கு எழுதும்போது அதே தாளின் நகலை இணைக்கலாம்.